உம்மாவின் வளவிலிருந்து தொடங்குங்கள்

குடும்ப வரலாறு தேடுகிறோம் என்று கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித் தாளைத்தான் கொண்டுவருகிறார்கள். தன் பெயர், வாப்பா பெயர், வாப்பாவின் வாப்பா பெயர். சிலருக்கு அதற்கு மேலும் ஒரு பெயர் தெரிந்திருக்கும். அத்தோடு கோடு நின்றுவிடும். கட்டாரிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஊரில் மூத்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள், இனி எங்கே போய் யாரைக் கேட்பது என்பது அவர்களுடைய கவலை.

அவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அந்தத் தாள் இருக்கட்டும்; இன்னொரு தாள் எடுத்து உம்மா, உம்மாவின் உம்மா, அவரைப் பெற்றவர் என்று எழுதத் தொடங்குங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நீளும் இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு ஆகக் கூடுதலான தூரம் பின்னோக்கிப் போகக்கூடிய வழி தாய்வழிதான்.

காரணம் நம்முடைய குடி வழக்கம். இந்தக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடிகளாக வாழ்ந்தவர்கள். பிள்ளை உம்மாவின் குடி. வாப்பா வேறு குடியிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். ஒரே குடிக்குள் கல்யாணம் பேசுவதில்லை என்பது பழைய ஒழுங்கு. வரிசைநாச்சி குடி, பொன்னாச்சி குடி, ஓடாவி குடி, லெப்பைக் குடி என்று ஊருக்கு ஊர் பெயர்கள் உண்டு. சில பெயர்களுக்குள்ளேயே ஒரு மூத்த பெண் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பெயருக்கு எழுதப்படுகின்றன. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த உம்மாவும் வாப்பாவும் பக்கத்திலேயே இன்னொன்று கட்டி, அதை அடுத்தவளுக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் கேரளத்தின் கண்ணூர் மாப்பிளமார் மத்தியிலும் இதையொத்த வழக்கம் இருப்பதால் இது கடலோடு சேர்ந்த ஒரு பெரிய உலகத்தின் பழக்கம் என்று கொள்ளலாம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, குடிகளையும் பள்ளிவாசல் மரைக்கார்மாரையும் பற்றி விரிவாக எழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அதை அவருடைய கையில் கொடுங்கள்.

அரசாங்கத்தின் கடதாசிகளோ எதிர்த்திசையில் ஓடுகின்றன. உங்கள் பிறப்புச் சான்றிதழை விரித்துப் பாருங்கள். வாப்பா, உம்மா பெயர்களுக்குக் கீழே பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு கூடு இருக்கும். வாப்பா இலங்கையில் பிறக்காதவரானால் பூட்டனாரின் விபரத்தைக் கேட்கும் கூடும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரையை ஆண்வழியில் நிரூபிக்கச் சொன்னதன் தடம் அது. தேடுகிறவருக்கு இந்தக் கூடு பெரும் உதவி: ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கிறது. ஆனால் உம்மம்மாவின் பெயருக்கு அந்தத் தாளில் ஓர் அங்குல இடமும் இல்லை. ஆகவே கடதாசி வாப்பா வழியைத் தரும், குடி உம்மா வழியைத் தரும். இரண்டையும் சேர்த்துப் பின்னினால்தான் குடும்பம் முழுசாகத் தெரியும்.

பெயர்களும் நம்மைக் குழப்பும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; வாப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் வந்து, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். 'ஏ.எல்.' என்றால் ஆதம்லெவ்வையா, அகமதுலெவ்வையா, அலியார்லெவ்வையா? 'எம்.எல்.' மீராலெவ்வையா, முகம்மதுலெவ்வையா? அதே ஆள் ஓர் ஆவணத்தில் லெவ்வை, இன்னொன்றில் லெப்பை. ஒன்றில் இப்றாகீம், மற்றதில் இப்ராஹிம். பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். எழுத்து வேறுபடுவதால் ஆள் வேறு என்று முடிவு கட்டாதீர்கள். முதலெழுத்தை எங்கே கண்டாலும் அதன் முழுப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஊரில் வழங்கிய பட்டப் பெயரையும் விடாதீர்கள். எண்பது வயது மூத்தவருக்கு 'முகம்மது இஸ்மாயில்' நினைவுக்கு வராது. 'கறுவல் மாஸ்டர்' என்றால் அவருடைய ஏழு பிள்ளைகளையும் வரிசையாகச் சொல்வார்.

முதலில் மூத்தம்மாமார்

கந்தோர் எதற்கும் போகுமுன் வீட்டிலுள்ள வயதான பெண்களிடம் உட்காருங்கள். பதிவேடு அடுத்த ஆண்டும் இருக்கும். ஆண்கள் நிலத்தையும் வழக்கையும் நன்றாகச் சொல்வார்கள். யார் யாருக்கு என்ன முறை, எந்தப் பிள்ளை எந்த வயிற்றில் பிறந்தது, யார் பால்குடியில் மௌத்தானது, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் யார் என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கிறது. முடிந்தால் குடும்பத்துப் பெண் ஒருவரையே கேட்க வையுங்கள். பேரன் கேட்டால் சுருக்கமாக வரும் பதில் பேத்தி கேட்டால் அடுப்படி வரை நீளும்.

"உங்கட வம்சத்தைப் பத்திச் சொல்லுங்க மூத்தம்மா" என்று தொடங்கினால் "எனக்கென்ன தெரியும் மனெ" என்றுதான் வரும். கேள்வியை வீட்டோடும் கல்யாணத்தோடும் கட்டுங்கள். "உங்கட கலியாணம் எந்த வீட்டில நடந்த?" "அந்த வீடு ஆர் கட்டின?" "பக்கத்து வளவு ஆருக்குக் குடுத்த?" "மாப்பிள்ளை எடுக்கப் போனது எந்த ஊருக்கு?" இப்படிக் கேட்டால் ஆட்கள் தாங்களாகவே வந்து நிற்பார்கள். அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்கும் கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத பையனிடம் "ஆர்ர புள்ள வாப்பா நீ?" என்று கேட்டு, பதில் கிடைத்ததும் "அப்ப நீ எனக்குப் பேரன் முறை" என்று சொல்லும் ஒரு மூத்தம்மா அந்த நிமிடத்தில் இரண்டு கொடிவழிகளை மனதுக்குள் இணைத்துவிட்டார். எந்தெந்த ஆட்களைக் கடந்து அந்த முறைக்கு வந்தார் என்று உடனே கேளுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆண்டு கேட்காதீர்கள். பெரிய சம்பவங்களை வைத்துக் கேளுங்கள். இந்தக் கரைக்கு அதற்குக் குறைவில்லை: 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர் திருகோணமலையில் குண்டு போட்டது, 1949இல் கல்லோயா வேலை தொடங்கியது, 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி. இன்னும் முந்திய தலைமுறைக்கு அவர்களுடைய பெற்றோர் சொல்லக் கேட்ட 1907 புயல் இருக்கிறது. "வெள்ளத்துக்குள்ள உங்கட மூத்தவர் நடந்து திரிஞ்சாரா, கைப்புள்ளயா?" என்று கேட்டால் பிறந்த ஆண்டு ஓரிரு வருட வித்தியாசத்தில் பிடிபடும்.

மௌத்தான நாள் பெரும்பாலும் பிறை வைத்துத்தான் நினைவிலிருக்கும். வருடா வருடம் கத்தம் ஓதிய வீடுகளில் "மௌலூது மாசம் பிறை ஏழு", "பறாத்துக்கு முந்தின நாள்", "கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு அடுத்த கிழமை" என்று சொல்வார்கள். அதைச் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு ஹிஜ்ரி நாட்காட்டியோடு பொருத்திக்கொள்ளலாம். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைந்தது என்பதால் 33 ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 32 சூரிய ஆண்டாகும். "நூறு வயசுல மௌத்தானார்" என்பதைப் பிறை ஆண்டில் எண்ணியிருந்தால் மூன்று வருடம் கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கிதாபுகள், மௌலிது ஏடுகள் இருந்தால் முன் அட்டையின் உட்புறத்தையும் கடைசிப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். பிள்ளை பிறந்த நாள், கடன் கொடுத்தது, பயணம் போனது ஆகியவற்றை அங்கே குறித்து வைக்கும் பழக்கம் இருந்தது. எழுத்து அரபியாக இருப்பதைக் கண்டு ஓதலென்று நினைத்து மூடிவிடாதீர்கள். பல இடங்களில் அது அரபுத்தமிழ். எழுத்து அரபி, பேச்சு நம்முடைய தமிழ். அதைத் தட்டில்லாமல் வாசிக்கிற வயதான லெவ்வைமார், மௌலவிமார் குறைந்து வருகிறார்கள். ஒருவர் கிடைத்தால் அவரை வாசிக்கச் சொல்லித் தொலைபேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

உறுதி என்னும் பொக்கிஷம்

இந்தக் கரையில் குடும்ப வரலாற்றுக்கு ஆகச் சிறந்த ஆவணம் எது என்று கேட்டால் தயங்காமல் காணி உறுதியைச் சொல்வேன். அதிலும் மகளுக்கு எழுதிய நன்கொடை உறுதி.

இதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. ஒருவர் மௌத்தான பிறகு சொத்துப் பிரிவது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் பின்னுரிமைச் சட்டப்படி. அதில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. வீட்டை முழுதாக மகளுக்குக் கொடுக்க விரும்பிய பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே நொத்தாரிசிடம் போய் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே ஒவ்வொரு பெண்ணின் கல்யாணத்தையும் ஒட்டி ஓர் உறுதி பிறந்தது. அந்த உறுதிகளை வரிசையாக அடுக்கினால் உம்மாவிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து பேத்திக்கு என்று குடி நடந்து வந்த பாதை கடதாசியில் தெரியும். அரசாங்கத்தின் ஆவணங்களில் பெண்வழியை இவ்வளவு தெளிவாகக் காட்டுவது வேறொன்றுமில்லை.

ஒரு பழைய உறுதியை எப்படி வாசிப்பது? முதலில் மேலே உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும். அடுத்து கொடுப்பவர், பெறுபவர், அவர்களுடைய ஊர். பிறகு கொடுப்பவருக்கு அந்தக் காணி வந்த வழி: "எனது தாயாரின் முதிசமாகக் கிடைத்ததும்", "இன்ன இலக்க உறுதிப்படி சீதனமாகக் கிடைத்ததும்" என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரி உங்களை ஒரு தலைமுறை மேலே தூக்கிவிடும். அதிலுள்ள இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த உறுதிக்குப் போகலாம். அதற்குக் கீழே நான்கெல்லை. பலர் இதை வாசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்ன உம்மாவின் வளவு, மேற்கே இன்னாரின் வாரிசுகளின் தோட்டம். சகோதரிகளுக்குப் பக்கத்துப் பக்கத்து வளவுகளைக் கொடுத்த ஊரில் எல்லையில் நிற்கும் அந்தப் பெண்கள் யாராக இருப்பார்கள்? பெரும்பாலும் கொடுப்பவரின் ராத்தாவோ தங்கச்சியோ சாச்சியோதான். 'வாரிசுகள்' என்று இருந்தால் அந்தத் திகதிக்கு முன் அவர் மௌத்து என்றும் தெரிகிறது. ஒரு வெற்றுத் தாளில் நான்கெல்லையோடு வளவுகளை வரைந்து, கிடைக்கிற ஒவ்வொரு உறுதியையும் அதில் பொருத்திக்கொண்டே போங்கள். ஓர் ஒழுங்கை முழுவதும் ஒரு வயிற்று வழி என்பது உங்கள் கண்முன்னே விரியும்.

உறுதியின் பதிவுக் குறிப்பில் ஃபோலியோ இலக்கம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால் அதே காணியைப் பற்றிப் பதியப்பட்ட மற்ற உறுதிகளையும் தேடலாம். கல்முனையில் காணிப் பதிவகம் உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தியவற்றைத் தேடும்போது 'மட்டக்களப்பு மாவட்டம்' என்றே கேளுங்கள். கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய கச்சேரிக் கோவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே ஆலோசனைதான். அங்கே போகுமுன் ஊரில் செய்ய வேண்டியதை முடித்துவிட்டுப் போங்கள். பெயர், ஊர், கிட்டத்தட்ட ஆண்டு ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் போனால் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டிவரும்.

மற்றக் கடதாசிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. கிராமங்களில் எல்லோரும் பதிந்தார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்கும்போது இலக்கமும் திகதியும் தெரியாவிட்டால் எந்தக் காலத்துக்குள் தேட வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். வெள்ளத்தையும் சூறாவளியையும் வைத்து ஆண்டைக் குறுக்கச் சொன்னது இதற்காகத்தான். சான்றிதழ் கைக்கு வந்ததும் கடைசிக் கூடான 'அறிவித்தவர்' என்பதைப் பாருங்கள். பிரசவம் உம்மா வீட்டில் நடந்தபடியால் அறிவித்தவர் உம்மாவின் வாப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பது சகஜம். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும். ஆனால் அதைச் சொன்னவர் மருமகனோ பேரனோ என்பதால் பிறப்புச் சான்றிதழை விடக் கொஞ்சம் குறைவாகவே நம்புங்கள்.

காவின், அதாவது முஸ்லிம் விவாகப் பதிவு, 1886ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கி, 1929ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பிறகு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்திலும் விரிந்தது. மஹர், கைக்கூலி, சாட்சிகள், வலி எல்லாம் அதில் உண்டு. வலி யார் என்பது முக்கியம். பெண்ணின் வாப்பா இல்லாமல் வேறொருவர் வலியாக நின்றிருந்தால் பெரும்பாலும் வாப்பா அதற்கு முன்னரே மௌத்தாகியிருப்பார். நின்றவர் வாப்பா வழி ஆண் உறவு. காவின் கிடைக்கவில்லை என்றால் கல்யாணம் நடக்கவில்லை என்று பொருளில்லை. நம்முடைய மார்க்கத்திலும் நாட்டின் சட்டத்திலும் நிக்காஹ் பதிவில்லாவிட்டாலும் செல்லும். இதை வைத்து மூத்தவர்கள் யாரையும் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிடாதீர்கள்.

பாடசாலைச் சேர்வு இடாப்பும் வாக்காளர் இடாப்பும் கைகொடுக்கும். 1949இல் தொடங்கிய கல்முனை சாஹிரா போன்ற பாடசாலைகளில் தகுந்த காரணம் சொல்லி அதிபரிடம் அனுமதி கேளுங்கள். 1931இல் பெண்களுக்கும் சேர்த்து வாக்குரிமை வந்தபடியால், பழைய வாக்காளர் இடாப்பு எங்கே கிடைத்தாலும் உங்கள் மூத்தம்மாவின் முழுப் பெயரை அதில் தேடுங்கள். குடிசன மதிப்பு அறிக்கைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவை ஊருக்கு எத்தனை பேர் என்று சொல்லும், யார் என்று சொல்லாது.

சங்கம் எங்கே?

கொழும்பில் இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம் 1908இல் தொடங்கிய நாள்முதல் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாகக் கொடிவழிகளை வெளியிட்டது. இன்று உலகத்தின் எந்த மூலையிலிருக்கும் பறங்கியரும் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தன் பூட்டனைக் கண்டுபிடிக்கிறார். தொகையில் சிறிய ஒரு சமூகம் தன்னைத்தானே எழுதிவைத்துக்கொண்டதன் பலன் அது. நாமும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நமக்கு அவர்களைப் போல ஞானஸ்நானப் பதிவேடு இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: குடியும் பள்ளிவாசலும்.

பழைய ஒழுங்கில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார். குடி மரைக்கார்மார் சேர்ந்துதான் பள்ளிவாசலை நிர்வகித்தார்கள். கந்தூரிக்குக் குடிக்கணக்கில் பணம் சேர்த்தார்கள். குடும்பப் பிணக்குகளைத் தீர்த்தார்கள். இந்த ஒழுங்கு சில ஊர்களில் தேய்ந்து, சில ஊர்களில் பெயரளவில் நிற்கிறது. எப்படியிருந்தாலும் உங்கள் குடியின் கடைசி மரைக்கார் யார், அவருக்கு முன் யார் என்று கேளுங்கள். மரைக்கார் வீடுகளில் பழைய வரவு செலவுக் கொப்பிகள் இன்னும் பரணில் கிடக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சந்தாக் கொப்பிகளைக் கேளுங்கள். பள்ளிவாசல்கள் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபுச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை என்பதால் நம்பிக்கையாளர் சபையினரின் பெயர்கள் அந்தக் கோவைகளிலும் இருக்கும்.

பெயர்ப் பலகை மாட்டிய சங்கம் ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மஹல்லாவில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருக்கு மூன்று தலைமுறை மாணவர்களைத் தெரியும், எந்த வீட்டு அடுப்படிக்கும் போகலாம். உறுதி வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், நொத்தாரிசின் எழுதுவினைஞராக இருந்தவர் என்றால் நல்லது. அரபுத்தமிழ் வாசிக்கும் ஒருவர். வயல் வட்டைகளையும் கண்டங்களையும் அறிந்த ஒரு பழைய வட்டவிதானை. படமெடுத்து ஒழுங்காகப் பெயரிட்டுச் சேமிக்கும் இளைஞர் இரண்டு பேர். மாதம் ஒரு முறை அஸருக்குப் பிறகு கூடி, ஒரு கூட்டத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பக்கத்து ஊர்க் குழுவோடு தொடர்பு வையுங்கள். கல்முனை மாப்பிள்ளை சம்மாந்துறையில் குடியேறியிருப்பார், மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பெண் அக்கரைப்பற்றுக்குப் போயிருப்பாள். ஓர் ஊரோடு எந்தக் குடும்பமும் முடிவதில்லை.

ஒரு பெரிய தடை வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உறுதியைக் காட்டுங்கள் என்று கேட்டவுடன் வீட்டுக்காரர் முகம் மாறும். காணி பிடிக்க வந்திருக்கிறார்கள் என்ற பயம் அது. யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட கரையில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆகவே தனியாகப் போகாதீர்கள். அந்த வீட்டுக்கு முறைக்காரர் ஒருவரை அழைத்துப் போங்கள். உறுதியைப் படமெடுக்காமல், அவர்கள் கண்முன்னே பெயர்களையும் திகதியையும் எல்லைகளையும் மட்டும் எழுதிக்கொண்டு, எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். அடுத்த முறை போகும்போது நீங்கள் வரைந்த கொடிவழியின் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன் பிறகு அவர்களே பெட்டியைத் திறப்பார்கள்.

சுனாமி கொண்டுபோன வீடுகளில் பெட்டியே இல்லை. 2004இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஆட்களோடு அலுமாரிகளும் போயின. அந்தக் குடும்பங்களுக்கு வழி இல்லாமலில்லை. மற்றச் சகோதரியின் உறுதியில் உங்கள் மூத்தம்மாவின் வளவு எல்லையாக எழுதப்பட்டிருக்கும். பதிவகத்தில் ஃபோலியோ இருக்கும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்த உறவினரிடம் கல்யாணப் படங்கள் இருக்கும். காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிய 2005இல் தனிச் சட்டம் வந்தபடியால் அந்தப் பதிவுகளும் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் பல குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவன்மாருக்கு எழுதப்பட்டன. பெண்ணிலிருந்து பெண்ணுக்கு வந்த வீட்டு வரிசை அந்த இடத்தில் கடதாசியில் அறுந்துவிட்டது. இப்போதுள்ள வீட்டின் உறுதியை மட்டும் பார்த்து வாப்பாவின் பூர்வீக வீடு என்று எழுதிவிடாதீர்கள். கடலோரத்தில் நின்ற பழைய வீடு யாருடையது என்று கேளுங்கள்.

பூர்வீகக் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு: அரபு நாட்டிலிருந்து வந்த வணிகர், காயல்பட்டினத்திலிருந்து வந்த மௌலானா, 1626இல் கண்டியரசன் செனரத் மட்டக்களப்பில் குடியமர்த்திய நாலாயிரம் பேரில் ஒருவர். செனரத் குடியமர்த்தியது வரலாறு. உங்கள் பூட்டன் அதில் ஒருவர் என்பது குடும்பத்தின் கேள்வி ஞானம். இரண்டையும் மதியுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாதீர்கள். கதையை அதைச் சொன்னவரின் பெயரோடு தனிப் பக்கத்தில் எழுதுங்கள்; கொடிவழியில் ஆதாரமுள்ள பெயரோடு நிறுத்துங்கள். நடுவிலுள்ள இருநூறு ஆண்டுகளை ஊகத்தால் நிரப்பியவர்களின் தாள்களைக் கண்டிருக்கிறேன். அடுத்த தலைமுறை அதையே உண்மையென்று நம்பிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று வெளிநாட்டிலிருப்பவர்கள் கேட்கிறார்கள். மைட்டோகொண்ட்ரியா மரபணு உம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. குடி வருவதும் அதே வழியில்தான். அந்த வகையில் நம்மவர்களுக்கு அது சுவையான சோதனை. ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய தொடர்பைச் சொல்லும், உங்கள் பூட்டியின் பெயரைச் சொல்லாது. எதிர்பாராத உறவுகளையும் வெளியே கொண்டுவரும். வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கிடைத்ததை எப்படி வைப்பது? ஒரு கொப்பி, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், பட்டப் பெயர், குடி, உம்மா, வாப்பா. கீழே ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த ஆவணம், எந்தத் திகதி. சாச்சி ஒன்று சொல்லி, மாமி வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. தலாக், இரண்டாம் தாரம், மார்க்கத்துக்கு வந்தவர்களின் முன்னைய குடும்பம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டதை எழுதி வைக்கலாம், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதமில்லாமல் பரப்பக் கூடாது. உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் குடும்ப வட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

நான்கு தலைமுறைக்குப் பெயர்கள் நின்றதும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று மூத்த மகளின் வீட்டில். ஒன்று வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம், கடலிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் தள்ளி. மூன்றாவதை உயிரோடிருப்பவர்களின் விபரத்தை நீக்கிவிட்டு ஒரு பொது இடத்தில் சேர்க்கலாம். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தாரோடும் பேசுங்கள். கிழக்கின் மலர்களையும் பிரசுரங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறவர்கள் அவர்கள். உங்களிடம் பழைய பள்ளிவாசல் மலரோ பாடசாலை மலரோ இருந்தால் கொடிவழியோடு அதையும் கொண்டுபோங்கள். மலர்களின் பின்பக்கத்து நன்கொடையாளர் பட்டியலில் வேறொருவர் தன் மூத்தவாப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார்.